கொசு வலைக்குள் நுழையும் மணல் ஈ: யாங்கோன் தமிழர் அறிந்திருக்க வேண்டியவை

மழைக்காலம் வந்துவிட்டால் ஷ்வேப்யிதா போன்ற யாங்கோன் புறநகர்களில் எல்லா வீட்டிலும் பேச்சு கொசுவைப் பற்றித்தான். டெங்குக் காய்ச்சலுக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டியை மூடுகிறோம், பழைய டயரைக் கவிழ்த்து வைக்கிறோம், குழந்தைகளுக்கு வலை கட்டுகிறோம். இவை எல்லாம் தேவையானவை. ஆனால் இந்த ஏற்பாடுகள் எதற்கும் எளிதில் அடங்காத இன்னொரு பூச்சியும் உண்டு. அது தண்ணீரில் முட்டையிடாது. காதருகே ரீங்காரம் செய்யாது. சாதாரண கொசு வலையின் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும். அதன் பெயர் மணல் ஈ. அது பரப்பும் நோய் லீஷ்மேனியாசிஸ். அதில் மிகக் கொடிய வகையைக் காலா அசார் என்றும் கருங்காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

யாங்கோனில் டெங்கு அளவுக்குக் கவலைப்பட வேண்டிய நோய் அல்ல இது. தென்கிழக்கு ஆசியாவில் கருங்காய்ச்சலை ஒழிக்க ஒன்றுசேர்ந்த ஐந்து நாடுகள் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், பூடான், தாய்லாந்து. இந்தப் பட்டியலில் மியன்மார் இல்லை. ஆனால் அந்த ஐந்தில் மூன்று நாடுகள் நமக்கு எல்லை நாடுகள். நம் மக்கள் வேலைக்கும் வழிபாட்டுக்கும் உறவுக்கும் போய்வரும் நாடுகளும் அவையே. இந்த நோய் குணப்படுத்தக் கூடியது. கண்டுபிடிக்காமல் விட்டால்தான் உயிரை எடுக்கிறது. அதைப் பற்றி ஒரு முறையாவது கேள்விப்பட்டிருந்தால்தான் மருத்துவரிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மணல் ஈ எப்படிப்பட்டது?

பெயரைக் கேட்டுக் கடற்கரை மணலில் இருக்கும் ஈ என்று நினைத்துவிடக் கூடாது. இது மணல் நிறத்தில் இருக்கும், உடல் முழுக்க மயிர் படர்ந்த மிகச் சிறிய பூச்சி. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். கொசுவில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உட்காரும்போது இரண்டு சிறகுகளையும் மேலே தூக்கி 'வி' வடிவில் வைத்துக்கொள்ளும். இதை வைத்தே அடையாளம் காணலாம். நீண்ட தூரம் பறக்கத் தெரியாது. சுவரில் தத்தித் தத்திப் போகும். பகலில் சுவர் விரிசல், மாட்டுக்கொட்டகை, இருண்ட மூலை ஆகியவற்றில் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்தபின் வெளியே வரும். கடிப்பது பெண் ஈ மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும்.

ஆற்றங்கரையிலும் சாக்கடை ஓரத்திலும் மாலையில் கூட்டமாக வந்து கடிக்கும் பொடிப் பூச்சி எல்லாம் மணல் ஈ அல்ல. அவற்றில் பெரும்பாலானவை வேறு இனத்தைச் சேர்ந்த கடிப்பூச்சிகள். ஆகவே கடித்த உடனே பயப்பட வேண்டியதில்லை.

கொசுவுக்கும் மணல் ஈக்கும் உள்ள பெரிய வேறுபாடு அவை பெருகும் இடம். கொசுவின் புழுவுக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். மணல் ஈயின் புழுவுக்கு ஈரமான மண்ணும் அதில் மக்கிய பொருளும் வேண்டும். சாணம் கலந்த மண், அழுகும் இலைச் சருகு, கோழிக்கூண்டின் அடி, எலி வளை, விறகுக் குவியலின் அடியில் உள்ள ஈரத்தரை ஆகியவையே அதன் தொட்டில்கள். தண்ணீர்த் தொட்டியை எவ்வளவு இறுக மூடினாலும் மணல் ஈ குறையாததற்குக் காரணம் இதுதான்.

கடியிலிருந்து நோய் வரை

நோயை உண்டாக்குவது லீஷ்மேனியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. நோயுள்ள ஒருவரை மணல் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி அதன் வயிற்றுக்குள் போகிறது. அங்கே சில நாட்களில் பெருகி வாய்ப்பகுதிக்கு வருகிறது. அடுத்து கடிபடுபவரின் உடலுக்குள் இறங்குகிறது. அங்கே அது குடியேறும் இடம் விசித்திரமானது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகுகிறது.

அது தோலோடு நின்றுவிட்டால் தோல் லீஷ்மேனியாசிஸ். கடித்த இடத்தில் சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஒரு சிறு பரு தோன்றும். மெல்லப் பெரிதாகி நடுவில் புண்ணாகும். வலி இருக்காது, அரிப்பும் இருக்காது. ஆறவும் ஆறாது. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் முகத்திலும் கையிலும் வாழ்நாள் முழுதும் இருக்கும் தழும்பை விட்டுப்போகும்.

ஒட்டுண்ணி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை வரை போய்விட்டால் அதுதான் கருங்காய்ச்சல். வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும். உடல் இளைக்கும். வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். இரத்தம் குறைந்து தோல் கருக்கும். காலா அசார் என்ற பெயரே அந்தக் கருமையிலிருந்து வந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் நூறில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னைத் துறைமுகத்தின் பக்கத்துத் தெருக்களில்

இது காட்டு நோய், கிராமத்து நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த வரலாற்றில் சென்னை நகரத்துக்கே முக்கிய இடம் உண்டு.

கல்கத்தாவை அடுத்த டம்டம் படைமுகாமில் இருந்து இங்கிலாந்து திரும்பிய ஒரு படைவீரர் காய்ச்சலால் 1900இல் இறந்தார். அவருடைய மண்ணீரலில் விநோதமான சிறு உருண்டைகள் இருந்ததை வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் கவனித்தார். அதைப் பற்றி 1903 மே மாதம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் என்ற மருத்துவர், இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருண்டைகளைப் பார்த்திருந்தார். கல்கத்தாவில் பிறந்த அயர்லாந்துக்காரர் அவர். பர்மாவிலும் சில காலம் பணியாற்றியவர். அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

இறந்தபின் உடல் கெடுவதால் தோன்றும் பொருளா, அல்லது நோயின் காரணமே அதுவா என்ற கேள்வி இருந்தது. 1903 ஜூன் 17 அன்று உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்திலும் அதே உருண்டைகளை டொனோவன் கண்டார். கேள்விக்கு விடை கிடைத்தது. மலேரியாவையும் கொசுவையும் இணைத்துக் காட்டிய ரொனால்ட் ராஸ்தான் இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டொனோவனி' என்று பெயர் வைத்தார்.

அக்காலச் சென்னையில் இந்த நோயாளிகள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன் பகுதியைச் சேர்ந்தவர்கள். நெருக்கமான தெருக்கள் நிறைந்த வணிகப் பகுதி அது. அதை ஒட்டிய துறைமுகத்திலிருந்துதான் நம் முன்னோர் பலர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆக, நம் மூதாதையர் வாழ்ந்த காலத்தில் இது ஒரு நகரத்து நோயாகவே நம் மக்களிடையே இருந்திருக்கிறது. இன்று சென்னையில் அது நிலைகொண்ட நோயாக இல்லை. ஆனால் நோயைப் பரப்பும் மணல் ஈ இனம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது.

பூச்சியைப் பிடிக்க நாற்பது ஆண்டு

ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தாயிற்று. அதைப் பரப்புவது எது? சென்னையில் ஆய்வு செய்த பேட்டன் என்ற மருத்துவர் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராக நோய் வந்ததால் அந்தச் சந்தேகம் இயல்பானதே. 1920களில் கல்கத்தா ஆய்வாளர்களின் பார்வை மணல் ஈயின் பக்கம் திரும்பியது. அதன் உடலில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார்கள். ஆனால் கடியினால் நோய் வருவதை நிரூபிக்க முடியவில்லை. சோதனைச் சாலையில் ஈக்கள் அதற்குள் செத்துப்போயின.

முடிச்சை அவிழ்த்தது உலர்ந்த திராட்சை. இரத்தம் குடித்தபின் பழச்சாறும் கிடைத்தால் ஈயின் உடலில் ஒட்டுண்ணி நன்றாகப் பெருகுகிறது என்று தெரிந்தது. அந்த முறையைப் பின்பற்றி சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1942இல் ஐந்து தன்னார்வலர்களை மணல் ஈ கடிக்கச் செய்தார்கள். ஐவருக்கும் தொற்று வந்தது. டொனோவன் கண்டுபிடித்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்தே மணல் ஈ குற்றவாளி என்பது உறுதியானது.

அதன்பின் 1950களில் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தபோது மணல் ஈயும் சேர்ந்து ஒழிந்தது. இந்தியாவில் கருங்காய்ச்சல் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மருந்தடிப்பது நின்றதும் 1970களில் பீகாரில் பெரிய அளவில் திரும்பி வந்தது. மறைந்த நோய் அழிந்த நோய் ஆகாது என்பதற்கு இது ஒரு சான்று.

இலங்கையில் நடந்தது

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. அங்கே முன்பு இந்த நோய் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் மட்டுமே அரிதாகக் காணப்பட்டது. 1992இல் தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்தில், வெளிநாடு போகாத ஒருவருக்குத் தோல் லீஷ்மேனியாசிஸ் இருப்பது தெரிந்தது. உள்நாட்டிலேயே தொற்றியதாகப் பதிவான முதல் நோயாளி அவர்தான். பிறகு அனுராதபுரம், பொலன்னறுவை, மாத்தறை, குருநாகல் என்று பரவியது. வடக்கில் பணியாற்றிய படைவீரர்களிடமும் காணப்பட்டது. 2008இல் மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2018இல் ஓராண்டில் பதிவானவர்கள் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் உயிர்கொல்லிக் கருங்காய்ச்சலைத் தரும் அதே டொனோவனி இனம்தான் இலங்கையில் பெரும்பாலும் தோல் புண்ணை மட்டும் தருகிறது. உட்பிரிவு வேறு. ஆனால் மற்றொரு செய்திதான் நமக்குப் பாடம். வலிக்காத புண் என்பதால் மக்கள் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கிறார்கள். புண்ணோடு நடமாடும் ஒவ்வொருவரும், மணல் ஈ கடிக்கும்போது அடுத்தவருக்கான ஒட்டுண்ணியைக் கொடுக்கிறார். ஒருவரில் தொடங்கியது ஒரு தலைமுறைக்குள் ஆயிரக்கணக்கானவரைத் தொட்டுவிட்டது.

நகரமும் பாதுகாப்பல்ல

ஆப்கானிஸ்தானில் காபூல் நகரமே தோல் லீஷ்மேனியாசிஸின் பெரிய மையம். சிரியாவில் அலெப்போ நகரின் பெயராலேயே இந்தப் புண்ணை 'அலெப்போப் புண்' என்பார்கள். போரில் இடிந்த கட்டடக் குவியல்கள், அள்ளப்படாத குப்பை, ஓரிடத்தில் நெருக்கி வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்தபோது அங்கே நோய் பெருகியது. பிரேசிலில் 1980களில் கிராமத்து மக்கள் பிழைப்புத் தேடி நகர விளிம்புகளில் குடியேறியபோது, உள்ளுறுப்பைத் தாக்கும் வகை நகரங்களுக்குள் வந்தது. அங்கே நாய்களும் ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன.

இந்த ஊர்கள் அனைத்திலும் பொதுவாக இருப்பது நகர விளிம்பு, அவசரக் குடியேற்றம், ஈரத் தரை, அள்ளப்படாத குப்பை. 1980களின் பிற்பகுதியில் உருவாகி, தொழிற்பேட்டையும் தொழிலாளர் குடியிருப்புகளுமாக வளர்ந்த ஷ்வேப்யிதாவில் வாழ்பவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல.

நமக்கு எந்த வழியில் வரலாம்?

முதல் வழி தாய்லாந்து. நம் நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் அங்கே ரப்பர் தோட்டத்திலும் மீன்பிடித் தொழிலிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் உள்நாட்டிலேயே தொற்றிய நோயாளிகள் 1990களிலிருந்து, குறிப்பாகத் தெற்கிலும் வடக்கிலும், பதிவாகி வருகிறார்கள். அங்குள்ள ஒட்டுண்ணி இனங்கள் வேறு. அவற்றில் ஒன்றுக்கு 2018இல்தான் 'லீஷ்மேனியா ஓரியன்டாலிஸ்' என்று பெயரே வைத்தார்கள். எச்ஐவி தொற்றுள்ளவர்களை இவை கடுமையாகத் தாக்குகின்றன.

இரண்டாவது வழி இந்தியா. கருங்காய்ச்சல் நிலைகொண்ட மாநிலங்கள் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம். புத்தர் தொடர்பான தலங்களுக்கு யாத்திரை போகும் வழியில் இருக்கும் வைசாலி, நோய் நெடுங்காலம் இருந்த மாவட்டம். மூன்றாவது இலங்கை. அனுராதபுரமும் யாத்திரைத் தலம்தான். நாலைந்து நாள் விடுதியில் தங்கித் திரும்புபவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கிராமத்தில் உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் தங்கியவர், தோட்டத்தில் படுத்து வேலை செய்தவர் ஆகியோரே கவனமாக இருக்க வேண்டியவர்கள். வளைகுடா நாடுகளிலும் மேற்காசியாவிலும் வேலை செய்து திரும்பியவர்களுக்கும் தோல் வகை வர வாய்ப்புண்டு.

வீட்டைச் சுற்றிச் செய்ய வேண்டியவை

மணல் ஈ அதிக தூரம் பறக்காது என்பது நமக்குச் சாதகம். நம்மைக் கடிக்கும் ஈ பெரும்பாலும் நம் வீட்டைச் சுற்றியே பிறந்தது. ஆகவே வீட்டைச் சுற்றிச் செய்யும் வேலைக்குப் பலன் உண்டு.

சுவரிலும் தரையிலும் உள்ள விரிசல்களைச் சிமெண்டோ களிமண்ணோ வைத்து அடைக்க வேண்டும். மூங்கில், பலகை வீடுகளின் அடியில் குப்பையும் சருகும் சேரவிடக் கூடாது. விறகையும் பழைய செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வைக்க வேண்டும். கோழிக்கூண்டும் மாட்டுக்கொட்டகையும் படுக்கும் அறைக்கு அருகில் இருக்கக் கூடாது. மாடும் கோழியும் இந்த நோயைத் தருவதில்லை. ஆனால் மணல் ஈக்கு உணவும் பெருகும் இடமும் தருகின்றன. எருக்குழியை மூடி வைப்பதும், எலி வளைகளை அடைப்பதும் நல்லது.

தரையில் படுப்பதை விடக் கட்டிலில் படுப்பது மேல். மின்சாரம் இருக்கும் நேரத்தில் மின்விசிறியைப் போட்டாலே அதன் காற்றில் மணல் ஈயால் பறக்க முடியாது. வலை வாங்கும்போது கண் மிக நெருக்கமானதாகப் பார்த்து வாங்குங்கள். மலேரியாவுக்காகத் தரப்படும் மருந்து தோய்த்த வலையும் ஓரளவு உதவும். ஆனால் மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வலை காப்பாற்றாது. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டையும் கால்வரை உடையும் போடுவதே பாதுகாப்பு. இவற்றில் பாதி வேலைகள் எலிக் காய்ச்சலையும் சேர்த்தே தடுக்கும் என்பது கூடுதல் நன்மை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

காய்ச்சல் வந்தால் முகனைக் கடையில் கலவை மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே உள்ள பழக்கம். புண் ஆறாவிட்டால் ஏதோ ஒரு களிம்பைத் தடவுகிறோம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு புண்ணின் தோற்றத்தை மாற்றி, பிறகு பார்க்கும் மருத்துவரையும் குழப்பிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு வயிற்றின் இடப்பக்கம் கனமாக இருந்தால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் அது மலேரியாவாகவோ டைபாய்டாகவோ காசநோயாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் அந்தச் சோதனைகளைத்தான் செய்வார்கள். அவற்றில் ஒன்றும் தெரியாமல் போகும்போதுதான் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும்: "நான் போன வருஷம் இந்த ஊரில் இத்தனை மாதம் இருந்தேன்." அதைச் சொல்லாவிட்டால் யாங்கோனில் உள்ள மருத்துவருக்குக் கருங்காய்ச்சல் நினைவுக்கு வராமல் போகலாம். கடித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே மாதங்கள் ஆவதுண்டு. பழைய பயணம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாதமாகியும் ஆறாத, வலிக்காத புண்ணுக்கும் இதே விதிதான்.

கண்டுபிடித்துவிட்டால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. விரல் நுனி இரத்தத்தை வைத்துச் சில நிமிடங்களில் கருங்காய்ச்சலைக் காட்டும் ஆர்கே39 என்ற சோதனை உண்டு. 1920களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடித்த யூரியா ஸ்டிபமைன் எத்தனையோ உயிர்களைக் காத்தது. இன்று இந்தியாவில் ஆம்போடெரிசின் என்ற மருந்தைக் கொழுப்புத் துகளில் பொதிந்து, ஒரே தடவை நரம்பு வழியாக ஏற்றியே பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறார்கள். தடுப்பூசி மட்டும் இன்னும் வரவில்லை.

குணமானவர்களில் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகளும் சிறு கட்டிகளும் வருவதுண்டு. பார்ப்பதற்குத் தேமல் போலவோ தொழுநோய் போலவோ இருக்கும். உடம்புக்கு ஒரு தொல்லையும் தராது. ஆனால் அந்தத் திட்டுகளில் ஒட்டுண்ணி உயிரோடு இருப்பதால் மணல் ஈ வழியாக மற்றவருக்குப் பரவலாம். இப்படிப்பட்டவரை ஒதுக்கி வைப்பதில் பயனில்லை. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ இது ஒட்டாது. சிகிச்சைக்கு அழைத்துப் போவதே அவருக்கும் ஊருக்கும் நல்லது.

வங்காளதேசம் 2023இல் கருங்காய்ச்சலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உலகில் அந்தச் சான்றிதழைப் பெற்ற முதல் நாடு அதுதான். பணக்கார நாடு அல்ல அது. வீடு வீடாகப் போய் நெடுநாள் காய்ச்சல் உள்ளவரைத் தேடினார்கள், சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், சுவருக்கு மருந்தடித்தார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது நாட்பட்ட காய்ச்சலோ ஆறாத புண்ணோ இருந்தால் விசாரித்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பும் உறவினருக்கும் இந்தச் செய்தியைச் சொல்லி வையுங்கள்.